ஆறு நபர், 408 கிலோ

"அவசர மீட்புப் பிரிவு, முதல்நிலைத் தொழில்நுட்பர். நொடியில் முடிவெடுப்பவர். நெருக்கடியில் துரிதமாகச் செயல்படுபவர். சிக்கிக்கொண்டவர்களிடம் இதமாகப் பேசி அமைதிப்படுத்தும் ஆற்றல் உடையவர்."

லிஃப்ட் கம்பெனியின் ஆண்டு மதிப்பீட்டுப் படிவம் அவரைப் பற்றி இப்படிச் சொல்கிறது. பதினேழு ஆண்டுகளாக இதையேதான் சொல்கிறது. இடையில் ஐந்து மேலதிகாரிகள் மாறினார்கள், வாசகம் மாறவில்லை. படிவத்தை நிரப்பியவர்களில் ஒருவராவது அவரோடு ஒரு டீ குடித்திருந்தால், குறைந்தபட்சம் முதல் வரியோடு நிறுத்தியிருப்பார். டீயை ஆறவைத்துக் குடிப்பதா, சூடாகக் குடிப்பதா என்பதிலேயே அவருக்கு ஒரு யோசனை உண்டு.

கூட வேலை செய்கிறவர்கள் அவரை நிதானம் என்று கூப்பிட்டார்கள். பெயரை அவர்கள் ஒரே நாளில் வைத்துவிட்டார்கள். அதற்கு அவர் திரும்பிப் பார்க்கத்தான் இரண்டு வருடம் ஆயிற்று.

எங்காவது லிஃப்ட் நடுவழியில் நின்றுவிட்டால் நிதானம் வந்து சேர்வார். கதவில் இரண்டு தட்டு. "எத்தனை பேர் இருக்கீங்க?" பதில் வந்தபின் ஒரு நிமிடம் பேச்சு மூச்சு இருக்காது. வந்த ஆளும் போய்விட்டான் போலிருக்கிறது என்று உள்ளே இருப்பவர்கள் அழத் தயாராகும்போது, "உக்காருங்க. நடக்காதீங்க," என்பார். இதமான பேச்சு அத்தோடு முடிந்தது.

ஆனால் அந்த இரண்டு வார்த்தைக்குப் பின்னால் பல வருடப் பழக்கம் இருந்தது. பெட்டிக்குள் சிக்கிய மனிதன் முதலில் பொத்தான்களை அழுத்துவான். பிறகு கதவை அடிப்பான். அதற்குப் பிறகு நடக்க ஆரம்பிப்பான். இரண்டு எட்டு வைத்துத் திரும்புவான், மறுபடி இரண்டு எட்டு வைத்துத் திரும்புவான். நடக்கிறவனுக்குத்தான் மூச்சு வாங்கும், தலை சுற்றும். உட்கார்ந்தவனுக்கு ஒன்றும் ஆகாது. அவர் மீட்டவர்களில் ஒருவரும் மயங்கி விழுந்ததில்லை. அவர்கள் எல்லோரும் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்த நிலையில்தான் அவர் முகத்தை முதலில் பார்த்தார்கள்.

அவருடைய வீடு ஐந்தாவது மாடி. ஏறுவதும் இறங்குவதும் படிக்கட்டில்தான். அந்தக் கட்டிடத்து லிஃப்ட் வேறு கம்பெனியுடையது.

அவர் மனைவிக்கு அடுக்குமாடி வாகன நிறுத்துமிடத்தில் வேலை. வெளியே போகும் வழியில் நாலடிக்கு ஐந்தடியில் ஒரு கண்ணாடிக் கூண்டு. காலை ஆறு மணியிலிருந்து மதியம் இரண்டு மணிவரை அதற்குள் அவர். கார் வரும், சீட்டு வாங்குவார், தடுப்புக் கம்பம் எழும், காரின் பின்விளக்கு சிவப்பாக எரிந்து திருப்பத்தில் மறையும். அடுத்த கார்.

"நாள் பூரா போறவங்க முதுகையே பாத்துட்டு உக்காந்திருக்கேன்," என்பார். இது குறை இல்லை, தகவல். இருபது வருட இல்லறத்தில் கணவரிடம் எதையும் கேட்டு வாங்கிய பழக்கம் அவருக்கு இல்லை. கேட்டு, அது கைக்கு வந்து சேரும் காலத்தைக் கணக்குப் போட்டால், தானே போய் வாங்கி வருவது லாபம்.

அப்படிப்பட்டவர் ஒரே ஒரு முறை கேட்டார். மூக்குக் கண்ணாடி மாற்ற இருவரும் கண் மருத்துவமனைக்குப் போயிருந்தார்கள். காத்திருப்பு அறையில் ஒரு சுவரே மீன் தொட்டியாக இருந்தது. உப்புத்தண்ணீர்த் தொட்டி. அதில் ஊதா விளக்கின் கீழே நீலமாக ஒரு மீன், உடம்பில் கறுப்புப் பட்டை, வால் மஞ்சள். சுவரின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு, வேலைக்குப் போகிற ஆள் மாதிரி நேராகப் போய், அங்கே ஏதோ விசாரித்துவிட்டுத் திரும்பி வந்தது. அதன் முதுகை மட்டும் அல்ல, முகத்தையும் பார்க்க முடிந்தது. மனைவியின் எண்ணை இரண்டு முறை கூப்பிட்டுவிட்டு அடுத்த ஆளை உள்ளே அனுப்பிவிட்டார்கள்.

"ஏங்க, இது ஒண்ணு நம்ம வீட்ல இருந்தா நல்லாருக்கும்ல," என்றார்.

"பாக்கலாம்," என்றார் நிதானம்.

பார்த்தார். பதினான்கு மாதம் பார்த்தார். ஒரு கோடு போட்ட நோட்டுப் புத்தகம் வாங்கினார். அந்த மீன் டாங் இனம் என்று கண்டுபிடித்தார். அந்த இனத்தில் எல்லாவற்றுக்கும் வால் தொடங்கும் இடத்தில் இரு பக்கமும் சவரக்கத்தி மாதிரி ஒரு முள் உண்டு என்று எழுதிக்கொண்டார். பதினொரு வகை டாங்குகளை வரிசைப்படுத்தி, அவை என்ன தின்னும், யாரோடு சண்டை போடும், எத்தனை வருடம் வாழும் என்று கட்டம் போட்டார். பெண் பார்க்கிற வீட்டில்கூட இவ்வளவு விசாரிப்பதில்லை.

தொட்டியைப் பொறுத்தவரை அவர் தயங்கவில்லை. அங்கேதான் தவறு நடந்தது.

வீட்டுக் கூடம் சிறியது. ஒரு சுவரை ஆறு பேர் உட்காரும் சாப்பாட்டு மேஜை பிடித்திருந்தது. புது வீட்டுக்கு வந்தபோது மனைவியின் தம்பி பரிசாகக் கொடுத்தது. வீட்டில் இருப்பது இரண்டு பேர். மறு சுவரில் சோஃபா. மீதி இருந்தது ஒரு மூலை, இரண்டடிக்கு இரண்டடி. இன்னொருவராக இருந்தால் சின்னத் தொட்டியோடு திருப்திப்பட்டிருப்பார். இவர் லிஃப்ட்காரர். இடம் இல்லையென்றால் மேலே போ என்பதுதான் அவர் தொழிலின் முதல் பாடம், கடைசிப் பாடமும் அதுதான். இரண்டடி அகலம், இரண்டடி ஆழம், மூன்றடி உயரம் என்று தூண் மாதிரி ஒரு தொட்டியைச் செய்யச் சொன்னார். முந்நூற்று இருபத்து நாலு லிட்டர். தண்ணீர், கண்ணாடி எல்லாம் சேர்த்து நானூறு கிலோ சொச்சம். தரை தாங்குமா என்று மூன்று வாரம் கணக்குப் பார்த்தார். தாங்கும். ஆளுக்கு அறுபத்தெட்டு கிலோ வீதம் ஆறு பேர் மூலையில் நிற்கிற பாரம்தான். வேலையிடத்தில் மிச்சமாகக் கிடந்த ஒரு லிஃப்ட் தகட்டைக் கொண்டுவந்து தொட்டியின் நெற்றியில் ஒட்டினார்: 'ஆறு நபர், 408 கிலோ.' அவர் வாழ்நாளில் செய்த ஒரே வேடிக்கை அதுவாகத்தான் இருக்கும்.

உப்புத்தண்ணீர் ஓட ஆரம்பித்து நாலு மாதம் ஆயிற்று. மீன் இல்லை. தண்ணீரும் வெளிச்சமும் மட்டும் இருந்தன.

"யார் வீட்லயாவது மீன் தொட்டில தண்ணி வளத்துப் பாத்திருக்கியா?" என்று மனைவி தொலைபேசியில் தம்பியிடம் சொன்னார்.

தம்பி ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் ஆசிரியர். நாள் முழுக்கப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து "மெதுவா, மெதுவா" என்று சொல்லிச் சம்பாதிக்கிறவர். தன் சொந்தக் காரியம் எதையும் அவர் மெதுவாகச் செய்ததாகத் தகவல் இல்லை. உடனே மாமாவைக் கூப்பிட்டார்.

"மாமா, உங்க தொட்டி எத்தனை லிட்டர்?"

"முன்னூத்தி இருபத்தி நாலு."

"அவ்ளோ பெருசா?"

"விளிம்பு வரைக்கும் ஊத்தினா. வழக்கமா ஊத்தறது முன்னூத்திப் பத்து," என்றார் நிதானம். சரியான எண்ணைச் சொல்வதில் அவருக்கு ஒரு பெருமிதம் இருந்தது.

உப்புத்தண்ணீர் மீன் விற்கும் கடை, சாவி செய்பவர் கடைக்கும் சலவைக் கடைக்கும் நடுவில் இருந்தது. நடத்துகிற அம்மாள் முன்பு ஒரு கல்லூரியில் வேதியியல் ஆய்வகத்தைப் பார்த்துக்கொண்டவர். சுவரில் ஓர் அட்டவணை தொங்கும். கடைசி வரி: 'முந்நூறு லிட்டருக்கு மேல்: டாங் வகைகள்.' அந்தம்மா லிட்டர் கேட்டார். தம்பி சொன்னார். நீளம் எத்தனை அடி என்று யாரும் கேட்கவில்லை. முந்நூறு லிட்டர் தொட்டியை ஒருவர் நிற்க வைத்துக் கட்டுவார் என்று ஆய்வகத்தில் இருந்தவருக்குத் தோன்ற நியாயமில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை தம்பி ஒரு பிளாஸ்டிக் பையோடு வந்தார். பைக்குள் எலுமிச்சம்பழ அளவில் நீல டாங்.

"இத்துனூண்டு மீனுக்குப் பதினாலு மாசமா மாமா? நான் பக்கத்துக் கடைல சாவி ஒண்ணு போடறதுக்குள்ள வாங்கிட்டேன்."

"இது ஒரு அடி வளரும், மாப்ள."

"வளரட்டுமே. வளர்றப்ப பாத்துக்கலாம். நீங்களும் அதுக்குள்ள ஒரு முடிவுக்கு வந்துடுவீங்க."

மனைவி அன்று சமையல் செய்யவில்லை. ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு மூலைக்கு எதிரே உட்கார்ந்துவிட்டார். "வந்துட்டாரு," என்று மட்டும் சொன்னார். அதற்கடுத்த நாட்களிலும் அப்படித்தான். கூண்டிலிருந்து வந்ததும், சீருடையைக் கூட மாற்றாமல், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்காருவார். அதற்குப் பிறகுதான் தண்ணீர் குடிப்பார். முகத்தில் ஒரு தெளிவு வந்திருந்தது. இருபது வருடத்தில் நிதானம் அதைப் பார்த்ததில்லை என்று சொல்ல முடியாது. அடிக்கடி பார்த்ததில்லை.

இரண்டாவது வாரம் அவர் வேறொன்றைப் பார்த்தார். மீன் இரண்டடி போய்த் திரும்பியது. இரண்டடி போய்த் திரும்பியது. மேலே இருந்த இரண்டடித் தண்ணீர், ஆள் குடி வராத மாடி மாதிரிச் சும்மா கிடந்தது. லிஃப்ட்காரர் கட்டிய தொட்டியில் மீன் மேலும் கீழும் போகவேயில்லை. டாங் பக்கவாட்டில் ஓடுகிற மீன். பதினொரு வகைக்குக் கட்டம் போட்ட நோட்டில் அவர் நீளத்துக்கு ஒரு கட்டம் போட்டிருக்கவில்லை.

கைக்கடிகாரத்தை வைத்துக்கொண்டு எண்ணினார். ஒரு நிமிடத்துக்கு முப்பத்தொரு திரும்பல். மறுநாள் முப்பத்து மூன்று. நோட்டில் எழுதினார். அவருக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான், மீனிடம் உட்காரச் சொல்ல முடியாது.

ஒன்பது நாள் வாயைத் திறக்கவில்லை. பத்தாவது நாள், மனைவி நாற்காலியில் இருக்கும்போது, பக்கத்தில் போய் நின்றார்.

"இது நடக்குது," என்றார்.

"எது?"

"மீனு. லிஃப்ட்ல மாட்டினவங்க நடப்பாங்கல்ல, அப்படி."

மனைவி திரும்பிப் பார்க்கவில்லை. "எனக்குத் தெரியும். போன வாரமே பாத்துட்டேன்."

"சொல்லவே இல்லியே."

"சொன்னா கொண்டுபோய்க் குடுத்துடுவீங்க." மீனைப் பார்த்தபடியே, "என் கூண்டு எத்தனை அடி தெரியுமா உங்களுக்கு? நாலுக்கு அஞ்சு. நான் எட்டு மணி நேரம் அதுக்குள்ள இல்லியா? என்னை யாராவது எடுத்துட்டுப்போய்ப் பெரிய தொட்டில விட்டாங்களா?"

நிதானம் யோசித்தார். வழக்கமான யோசனை அளவுக்கு அது நீளவில்லை.

"உனக்கு ரெண்டு மணிக்கு டூட்டி முடிஞ்சுடுது," என்றார்.

மனைவி எழுந்துபோய்ச் சீருடையை மாற்றிக்கொண்டு வந்தார். மறுபடி உட்கார்ந்தார்.

"அந்த ஆஸ்பத்திரித் தொட்டி எத்தனை அடி இருக்கும்?"

"தெரியல. பாக்கலாம்."

"இந்தத் தடவையாவது சீக்கிரம் பாருங்க."

மறுநாளே போனார். கம்பெனிச் சீருடை, இடுப்பில் கருவிப் பை, கையில் அளவு நாடா. வரவேற்பில் இருந்தவர் எங்கே என்று கேட்கவில்லை. சீருடை போட்டவன் நாடாவைப் பிடித்தால் அவனுக்கு எங்கும் வேலை இருக்கும் என்பது உலக நம்பிக்கை. காத்திருந்த நோயாளிகளைக் கொஞ்சம் நகரச் சொல்லி அளந்தார். எட்டடி மூன்று அங்குலம். உள்ளே இருந்த நீல மீன் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு இருந்தது. நிமிடத்துக்கு ஐந்து திரும்பல்.

"சார், தொட்டில என்ன ரிப்பேரு?" என்று ஒரு பெரியவர் கேட்டார். அவருடைய ஒரு கண்ணில் கட்டு இருந்தது.

"இதுல இல்லீங்க," என்றார் நிதானம்.

அங்கிருந்து நேராகக் கடைக்குப் போனார். தொட்டியின் அளவை இந்த முறை அடிக் கணக்கில் சொன்னார். கடைக்கார அம்மாள் கையிலிருந்த வலையைக் கீழே வைத்தார்.

"நிக்க வச்சா கட்டுனீங்க?"

"ஆமா."

"எதுக்கு?"

"இடம் இல்ல."

அந்தம்மா சுவரில் இருந்த அட்டவணையைப் பார்த்தார். ஒரு பேனாவை எடுத்து லிட்டர் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் 'நீளம்?' என்று எழுதினார். அவரைப் பற்றிச் சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: தன் தவறை ஒத்துக்கொள்ள அவருக்குப் பேனா போதும்.

"மீனக் கொண்டாங்க. இங்க ஆறடித் தொட்டில போட்டுக்கறேன். வாங்க வர்றவங்ககிட்ட இனிமே நாடா காட்டித்தான் பேசுவேன்."

"அந்த ஆஸ்பத்திரில விட முடியாதா?"

"அங்க ஏற்கெனவே ஒருத்தன் இருக்கான். புதுசா இன்னொருத்தன் வந்தா வால்ல இருக்கற கத்தி வெளிய வந்துடும். ஒரே வீட்ல ரெண்டு முதலாளி மாதிரி."

நிதானம் நோட்டைப் பிரித்தார். "மஞ்சள் டாங்?"

"உங்க வீட்ல அதிகமா எத்தனை அடிக்கு இடம் இருக்கு?"

"மேஜைய எடுத்தா நாலு."

"நாலுல மஞ்சளை வைக்கறவங்க வைக்கறாங்க. நான் குடுக்க மாட்டேன். அது ரவுடி. மத்த மீனெல்லாம் மூலைல ஒண்டிட்டு இருக்கும்."

"இந்தக் கோடு போட்டது? சிறைக்கைதி மாதிரி?"

"அது கைதி இல்ல, ஓட்டக்காரன். ஆறடிக்கும் பத்தாது."

"பாய் மாதிரி துடுப்பு விரிக்குதே, இது?"

"வளந்தா டீ கொண்டு வர்ற தட்டு அளவு இருக்கும். அதுவும் ஆறடிக்கு மேல." அவர் நோட்டை வாங்கிப் புரட்டி, கடைசிப் பக்கத்தில் ஒரு பெயரில் விரலை வைத்தார். "டாங்குல சின்ன வீட்டுக்கு ஒத்துப்போறது இந்தச் சீப்புப் பல்லு வகைதான். அதுலயும் டோமினி. முழுசா வளந்தாலே ஒரு சாண் இருக்காது. ஓடறத விட நின்னு நின்னு பாசி சுரண்டித் திங்கறதுலதான் அதுக்குப் புத்தி."

"மூணடில வைக்கலாமா?"

"மூணடில டாங்கே கிடையாது. குட்டியா இருக்கறப்ப வச்சுக்கறேன், அப்புறம் பெருசு வாங்கிடறேன்னு எல்லாரும் சொல்வாங்க. ஒருத்தர் வாங்கி நான் பாத்ததில்ல."

"பாக்க அழகா இருக்குமா?"

"பழுப்பு. துடுப்பு ஓரத்துல ஆரஞ்சு. வாலு வெள்ளை. கண்ணுல லேசா நீலம்." அந்தம்மா வலையை மறுபடி எடுத்துக்கொண்டார். "அழகுதான் வேணும்னா வீட்ட மாத்துங்க சார், மீன இல்ல."

வீட்டில் வந்து எல்லாவற்றையும் சொன்னார். அவர் இவ்வளவு நேரம் தொடர்ந்து பேசி மனைவி கேட்டதில்லை. எட்டடி மூன்று அங்குலம் என்றதும் மனைவி கைவிரல்களை மடக்கி எதையோ எண்ணினார். மூலையைப் பார்த்தார். மீன் இரண்டடி போய்த் திரும்பியது.

"நீலம் கண்ல மட்டுந்தானா?"

"மட்டுந்தான்."

மனைவி எழுந்து சாப்பாட்டு மேஜையிடம் போனார். அதன் மேல் இருந்த துணிக்கூடையையும் பழைய தினசரிகளையும் எடுத்துத் தரையில் வைத்தார். பிறகு மேஜையின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு கணவரைப் பார்த்தார். அவர் மறு முனையைப் பிடித்தார். அன்று அது வாசற்படி வரைக்கும் போயிற்று.

தகவல் தெரிந்து தம்பி வந்தார்.

"குடுத்த மீனும் போகுது, குடுத்த மேஜையும் போகுது. எம்மேல என்ன மாமா கோவம்?"

"கோவம் இல்ல, மாப்ள."

"அப்ப நான் என்னதான் வாங்கித் தரட்டும்?"

"எதுவும் வாங்காதடா," என்றார் அக்கா. "கொஞ்சம் மெதுவா போ. நாள் பூரா அதத்தானே சொல்லிக் குடுக்கற."

மேஜையைத் தம்பியே எடுத்துப்போனார். பயிற்சிப் பள்ளியில் ஆறு மாணவர்கள் அதில் உட்கார்ந்து போக்குவரத்துக் குறிகளைப் படிப்பதாகக் கேள்வி. தூண் தொட்டியை ஒரு பூக்கடைக்காரர் கொண்டுபோய்த் தண்ணீர் விடாமல் செடி வைத்திருக்கிறார். தகட்டை அவரும் எடுக்கவில்லை.

நாலடித் தொட்டி வந்தது. ஆறு வாரம் தண்ணீர் தனியாக ஓடியது. டோமினி கடையிலேயே தனித் தொட்டியில் நாலு வாரம் நோய்க் காவலில் இருந்துவிட்டு வந்தது. வந்த அன்று மனைவி பார்த்துவிட்டு, "டீத்தண்ணி கலரு," என்றார். ஒரு மணி நேரம் உட்காரவில்லை. கால் மணி நேரம் உட்கார்ந்தார். பிறகு கண்ணாடியில் பாசி படியத் தொடங்கியதும், மீன் வாயை ஒட்டி ஒட்டி எடுத்து வரிசையாக உதட்டு அடையாளம் போட்டுக்கொண்டு போவதை ஒரு நாள் கவனித்தார்.

"கண்ணாடி தொடைக்கறதுக்காவது வீட்ல ஒரு ஆம்பள இருக்காரே," என்றார். அன்று அரை மணி நேரம் ஆயிற்று.

நிதானம் எண்ணிப் பார்த்தார். நிமிடத்துக்கு எட்டுத் திரும்பல். சில நிமிடங்களில் எண்ணுவதற்கு எதுவுமே இல்லை. மீன் ஒரு கல்லைச் சுரண்டிக்கொண்டு ஓரிடத்தில் நின்றது.

மனைவி மூன்று மாதத்துக்கு ஒரு முறை கண் மருத்துவமனைக்குப் போய் வருகிறார். கண்ணில் கோளாறு எதுவும் இல்லை என்று மருத்துவர் ஒவ்வொரு முறையும் எழுதித் தருகிறார். தன் எண்ணைக் கூப்பிடும்போது முதல் தடவையிலேயே எழுந்துபோகும் பழக்கம் மட்டும் அவருக்கு இன்னும் வரவில்லை. கணவரும் கூடவே போய்ப் பக்கத்தில் உட்காருகிறார். இருவரும் சாப்பிடுவது இப்போது சோஃபாவில், தட்டை மடியில் வைத்துக்கொண்டு.

அந்த வருட மதிப்பீட்டுப் படிவமும் வந்தது. நொடியில் முடிவெடுப்பவர் என்றே இருந்தது. அந்த வருடம் அவர் செய்தது வேறு. மனைவி ஆசைப்பட்டு, பதினான்கு மாதம் காத்திருந்து, மூன்று வாரமே வைத்திருந்த நீல மீனை ஒரு வாளித் தண்ணீரில் எடுத்துக்கொண்டு, தண்ணீர் தளும்பாமல் ஐந்து மாடி படியிறங்கி, கடைக்கு நடந்தே போய்த் திருப்பிக் கொடுத்தார்.